நேற்று வந்த மனுஷன், நான்கு மொழிகளில்

சிங்களத்துக்கு ஐரோப்பாவில் ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது. இத்தாலிக்கும் ஒஸ்திரியாவுக்கும் அருகே ஸ்லோவேனியா என்று ஒரு சிறிய நாடு. அங்கே இருபது இலட்சத்துக்குச் சற்றுக் கூடுதலானோர் பேசும் ஸ்லோவீன் மொழிதான் அந்தச் சொந்தம். இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழிகள். தமிழ் அந்தக் குடும்பத்தில் இல்லை. சிம்பாப்வேயில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் ஷோனாவும் இல்லை. அது ஆபிரிக்காவின் பண்டு மொழிகளில் ஒன்று. இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கொழும்பில் குடியிருக்கும் நமக்கு அடுத்த வீட்டு மொழியைப் பற்றி ஒரு முக்கியமான விசயம் விளங்கும்.

இதை நான் அண்மையில் சொல்ல நேர்ந்தது வெள்ளவத்தையில், காலி வீதியிலுள்ள ஒரு சைவக்கடையில், இரண்டு பிளேன்டீக்கு நடுவில். கேட்டது யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அரச கந்தோரொன்றில் வேலை, கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். 2007 யூலைக்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பது விதி. அந்தச் சோதினைக்குப் படிக்கிறாள்.

“அன்ரி, எங்கட பாஷைக்கும் சிங்களத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது வடக்கத்திப் பாஷை, இது திராவிடம். இங்கிலிசைப் படிக்கிற மாதிரி அடியில இருந்து தொடங்கித்தானே படிக்க வேணும்?”

பிள்ளை சொன்னதில் முதற்பாதி சரி. பின்பாதிதான் பிழை. அந்தப் பிழையை நம்மில் எத்தனையோ பேர் வருசக்கணக்காகச் சுமக்கிறோம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சொந்தத்தைப் பார்ப்போம். இரண்டு, மூன்று, ஐந்து, பத்து என்பதற்கு ஸ்லோவீனில் த்வா, த்ரி, பெத், தெசெத். சிங்களத்தில் தெக்க, துன, பஹ, தஹய. மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய ஒற்றுமை தெரியாது. நடுவில் சமஸ்கிருதத்தை வைத்துப் பாருங்கள்: த்வி, த்ரி, பஞ்ச, தச. சமஸ்கிருதத்தின் சகரம் இருக்கும் இடத்தில் சிங்களத்தில் ஹகரம் நிற்பது ஒரு சொல்லில் மட்டும் இல்லை, சொல்லுக்குச் சொல் வருகிறது. தச என்பது தஹ ஆவதும் அந்த வழியில்தான். இப்படி ஒழுங்காக, முறை தவறாமல் வரும் ஒலிமாற்றம்தான் மொழிகளுக்கிடையே இரத்த உறவுக்குச் சாட்சி. ரெண்டு, மூண்டு, அஞ்சு, பத்து என்ற நம் எண்கள் அந்த வரிசையில் எங்குமே பொருந்தமாட்டா. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதைக் கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் விரித்துக் காட்டினார். சிங்களத்தின் ஒலி வரலாற்றை வில்ஹெல்ம் கைகர் என்ற ஜேர்மன் அறிஞர் ஆராய்ந்து, 1938இல் வந்த தம் சிங்கள இலக்கணத்தில் அதை இந்தோ-ஆரிய மொழியாக நிறுவினார். சொந்தம் பற்றிய வழக்கு அத்தோடு முடிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாடும் பழக்கம் தமிழரிடமும் உண்டு, சிங்களவரிடமும் உண்டு. ஷோனாவில் மூன்று என்பதற்குத் தத்து. சிங்களத் துன, ஸ்லோவீன் த்ரி இரண்டுக்கும் இருக்கும் அதே தகரம். ஷோனாவில் தாய்க்கு அமாய். நம் அம்மாவுக்கு எவ்வளவு கிட்ட! இதை வைத்துத் தமிழும் ஷோனாவும் ஒரு தாய்ப்பிள்ளைகள் என்று கட்டுரை எழுத ஆள் இருக்கும். அது தற்செயல். பால்குடிப் பிள்ளைகளின் வாயில் முதலில் வரும் ஒலிகளில் ஒன்று மகரம் என்பதால் உலகத்துத் தாய்மார் பலரின் பெயரில் மகரம் இருக்கிறது.

இரவல் சொல்லும் அப்படித்தான் ஏமாற்றும். பள்ளிக்கூடத்துக்குச் சிங்களத்தில் இஸ்கோலே, ஸ்லோவீனில் ஷோலா, ஷோனாவில் சிகோரோ. மூன்றும் ஒரே கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை. சிங்களத்துக்குப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள். ஸ்லோவீனுக்கு ஜேர்மன் பக்கமிருந்து போனது. ஷோனாவுக்குத் தென்னாபிரிக்கப் பக்கத்து வெள்ளைக்காரரின் வாயிலிருந்து வந்தது. நாம் பாண் என்கிறோம், சிங்களவரும் பாண் என்கிறார்கள். நாம் குசினி, அவர்கள் குஸ்ஸிய. நாம் கந்தோர், அவர்கள் கந்தோருவ. பாணும் குசினியும் போர்த்துக்கேயம், கந்தோர் ஒல்லாந்தம். கடை, முதலாளி, கூலி, அப்பம் எல்லாம் நம்மிடமிருந்து அவர்களுக்குப் போனவை. சொற்கள் கப்பலிலும் கடைத்தெருவிலும் போய்வரும். அவற்றை வைத்து இரத்த உறவையும் சொல்ல முடியாது, அவற்றின் எண்ணிக்கையை வைத்து நெருக்கத்தையும் அளக்க முடியாது.

அப்போது எதை வைத்து அளப்பது? வசனத்தை.

பிள்ளையின் கொப்பியில் ஒரு தொடரை எழுதச் சொன்னேன்: நேற்று வந்த மனுஷன். இதைச் சிங்களத்தில் சொன்னால், ஈயே ஆபு மினிஹா. ஈயே என்றால் நேற்று, ஆபு என்றால் வந்த, மினிஹா, மனுஷன். மூன்று சொல்லுக்கு மூன்று சொல், இருந்த இடத்திலேயே இருக்கிறது. ‘வந்த’ என்பதை நம் இலக்கணக்காரர் பெயரெச்சம் என்பார்களே, அதற்கு நேரான உறுப்புத்தான் ‘ஆபு’.

இனி ஸ்லோவீனில்: ச்லோவெக், கி யெ ப்ரிஷெல் வ்செராய். மனுஷன் முதலில் வந்துவிட்டான். பிறகு ‘கி’ என்று ஓர் இணைப்புச் சொல், ஆங்கிலத்தில் ‘ஹூ’ வருகிற இடத்தில். பிறகு வந்தான். கடைசியில் நேற்று. ஷோனாவில்: முன்ஹு அகவுயா நெசூரோ. மனுஷன், வந்த, நேற்று. அங்கேயும் மனுஷன் முன்னால், நேற்று பின்னால்.

சற்று நின்று யோசியுங்கள். சிங்களத்தின் இரத்த உறவு ஸ்லோவீன். இந்தத் தொடரில் ஸ்லோவீன், தனக்கு எந்தச் சொந்தமும் இல்லாத ஷோனாவோடு போய் நிற்கிறது. சிங்களமோ தமிழோடு நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு போதாது என்றாள் பிள்ளை. நியாயம். ‘எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு’ என்பதை எடுத்துக்கொண்டோம். ஸ்லோவீனில் இமாம் த்வா ஒத்ரோகா. இமாம் என்பதற்குள்ளேயே ‘நான் வைத்திருக்கிறேன்’ என்ற பொருள் இருக்கிறது; உடைமைக்கென்று ஒரு வினைச்சொல் உள்ள மொழி அது. ஷோனாவில் ந்தினே வானா வவிரி, அதாவது ‘நான் பிள்ளைகள் இருவரோடு’. சிங்களத்தில் மட்ட லமயி தென்னெக் இன்னவா. மட்ட, எனக்கு. லமயி, பிள்ளைகள். தென்னெக், இரண்டு பேர். இன்னவா, இருக்கு. ‘எனக்கு’ என்று தொடங்கி ‘இருக்கு’ என்று முடிகிறது, நம்முடையது போலவே. பிள்ளைகளை நாம் உடைமையாகச் சொல்வதில்லை. நமக்கு அவர்கள் ‘இருக்கிறார்கள்’. சிங்களவருக்கும் அப்படியே.

இந்த ‘மட்ட’வைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்றேன். தமிழில் எங்கெங்கே நான்காம் வேற்றுமைக் குகரம் வருகிறதோ, பெரும்பாலும் அங்கெல்லாம் சிங்களத்தில் இந்த டகரம் வரும். எனக்கு விளங்குது: மட்ட தேரெனவா. எனக்கு வேணும்: மட்ட ஓனே. எனக்குப் பசிக்குது: மட்ட படகினி. கொழும்புக்கு: கொலம்பட்ட. நாங்கள் வாய்க்கு வாய் சொல்லும் ‘எனக்கு வர ஏலாது’ இருக்கிறதே, இந்தியாவிலிருந்து வருகிற தமிழர்கள் கேட்டுத் திகைக்கும் அந்த ஏலாது, அதைச் சிங்களத்தில் மட்ட என்ன பே என்பார்கள். எனக்கு, வர, ஏலாது. அதே மூன்று, அதே வரிசை. ‘நான் வர ஏலாது’ என்று நாமும் சொல்வதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. ‘அவர் வாறார் எண்டு சொன்னார்’ என்கிறோம். இந்த எண்டு, எழுத்தில் என்று, எங்கிருந்து வந்தது? ‘என்’ என்ற வினையிலிருந்து. என் என்றால் சொல். ஆகவே என்று என்றால் ‘சொல்லி’. சொன்னதைக் காட்டுவதற்குச் சொல்லுதல் வினையின் எச்சத்தையே ஒட்டாகப் போடுகிறோம். சிங்களத்தில் எயா எனவா கியலா கிவ்வா. கியலா என்பது கியனவா என்ற வினையின் எச்சம். கியனவா என்றால் சொல்லுவது. அவர்களும் ‘சொல்லி’ என்றுதான் போடுகிறார்கள். வேர் முற்றிலும் வேறு. உத்தி ஒன்று. ஒரே அளவெடுத்து வேறு வேறு துணியில் தைத்த இரண்டு சட்டைகள் என்று சொல்லலாம்.

விடைபெறும்போது நாம் போட்டு வாறன் என்கிறோம். அவர்கள் கிஹின் என்னம்: போய், வருகிறேன். சாப்பாட்டை ருசி பார்க்கச் சொல்லும்போது சாப்பிட்டுப் பாருங்கோ. அவர்கள் காலா பலன்ன: சாப்பிட்டு, பாருங்கள். முயன்று பார்ப்பதற்குக் கண்ணால் பார்க்கும் வினையைத் துணையாகப் போடுவது இரண்டிலும். ‘நீங்கள் போறது எங்க?’ என்று கேட்டால் ஒயா யன்னே கொஹெத. போறது என்பதற்கு யன்னே. அந்த -ன்னே வடிவம் பிடிபட்டால் மறுப்பும் கூடவே வந்துவிடும்: நான் வாறதில்லை, மம என்னே நே. வாறது, இல்லை. என்னே, நே.

பிள்ளை இப்போது தானாகவே வசனம் கட்டத் தொடங்கிவிட்டாள். ஒரு சிங்களச் சொல் கிடைத்தால் அதைத் தமிழ் வசனத்தின் அதே கதிரையில் இருத்திப் பார்க்கிறாள். பத்துக்கு எட்டு சரியாக வந்தது என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் எண்ணிப் பார்க்கவில்லை.

இது எப்படி நடந்தது? மொழி அறிஞர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள், அதன் முன்னோடிகளில் ஒருவர் ஒரு ஸ்லோவேனியர் என்பது இந்தக் கதையில் எனக்கு மனநிறைவு தருகிற இடம். யெர்னெய் கொபித்தார், 1780இல் பிறந்தவர், வியன்னாவில் அரச நூலகத்தில் பணி செய்தவர். 1829இல் அவர் அல்பேனியம், ருமேனியம், பல்கேரியம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு எழுதினார். மூன்றும் வெவ்வேறு கிளைகள், சொற்கள் வேறு. ஆனால் மூன்றும் ஓர் இலக்கண அச்சில் வார்த்தவைபோல் இருக்கின்றன என்பது அவர் கண்டது. ஒரே நிலப்பரப்பில், ஒரே சந்தையில், கலியாணமும் சண்டையும் கலந்து நூற்றாண்டுக் கணக்கில் வாழும் மக்களின் மொழிகள் குடும்பத்தைத் தாண்டி ஒன்றன் நடையை மற்றொன்று எடுத்துக்கொள்ளும். நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் களத்தில் ஆராய்ந்த மறி எமனோ, இந்தியா முழுவதுமே அப்படி ஒரு மொழிப் பரப்பு என்று வாதிட்ட கட்டுரையை வெளியிட்ட ஆண்டு 1956. அதே 1956இல்தான் கொழும்பில் 33ஆம் இலக்கச் சட்டமாகச் ‘சிங்களம் மட்டும்’ வந்தது. ஒரு மொழி மற்ற மொழியோடு எவ்வளவு பின்னிக் கிடக்கிறது என்று உலகம் அறியத் தொடங்கிய வருசத்தில், நம் பாராளுமன்றம் இரண்டையும் அறுத்துத் தனியாக்கியது. அந்தச் சட்டம் எத்தனை பேரின் உத்தியோகத்தையும் உயிரையும் தின்றது என்பது நம் வீடுகளுக்குத் தெரியும். இன்னும் தமிழர் பலருக்குச் சிங்களம் என்றாலே உடம்பு இறுகுவதற்கு அது காரணம். அந்த இறுக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டது. காகிதத்துக்கு வந்தது கவுண்டருக்கு முழுதாக வந்து சேரவில்லை.

ஆனால் இலக்கணம் சட்டத்துக்கு முந்தியது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளின் குகைக் கல்வெட்டுகளிலிருந்து இந்தத் தீவில் சிங்களத்தின் மூதாதை மொழிக்குச் சான்று இருக்கிறது. அதன் பக்கத்தில் தமிழ் வணிகரும் படைவீரரும் நெசவாளரும் மீனவரும் வந்தபடியே இருந்தார்கள். பதினோராம் நூற்றாண்டில் சோழர் பொலன்னறுவையிலிருந்து ஆண்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த சிங்கள இலக்கணமான சிதத் சங்கராவில், தமிழ்ப் பௌத்தரான புத்தமித்திரரின் வீரசோழியத்துச் சாயலை அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலியார் டபிள்யூ. எஃப். குணவர்தன, சிங்களத்தின் சொல் ஆரியம், இலக்கண உடல் திராவிடம் என்று பகிரங்கமாக வாதிட்டார். குடும்பம் எது என்ற கேள்வியில் கைகர்தான் வென்றார். எனினும் முதலியார் கண்ட ஒற்றுமை பொய்யில்லை. அவர் அதை உறவு என்று எண்ணினார், அது அயல்.

இதற்கு இந்தத் தீவிலேயே இன்னும் சாட்சிகள் உண்டு, அவை இன்னும் பலமானவை. கொம்பனித்தெருவிலும் பிற இடங்களிலும் வாழும் மலாயர்களின் மூதாதையர் ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் அக்கம்பக்கத் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் கொண்டுவந்த மலாயில் வினை, வசனத்தின் நடுவில் வரும்; வேற்றுமை உருபு கிடையாது. இன்று இலங்கை மலாயில் வினை கடைசிக்குப் போய்விட்டது. பெயருக்குப் பின்னால் உருபுகள் முளைத்துவிட்டன. மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயத்துக்கும் அதுவே நடந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த மொழி, தமிழ்ப் பிள்ளை எழுதியதுபோல வினையைக் கடைசியில் வைத்துப் பேசுகிறது. கடல் கடந்து வந்த மொழிகள் இரண்டு, ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாதவை, இங்கே வந்து ஒரே நடையைப் பழகின.

நீர்கொழும்பில் இந்த மாற்றம் எதிர்த்திசையில் போனது. அங்குள்ள மீனவர் குடும்பங்கள் சில வீட்டில் தமிழும் வெளியில் சிங்களமும் பேசுகிறவை. அவர்களின் தமிழை ஆராய்ந்த மொழியியலாளர் ஸ்டீவன் பொண்டா, அதில் வினைமுற்றின் விகுதி தேய்ந்துவிட்டதைக் கண்டார். போறன், போறாய், போறான் என்ற வேறுபாடு அங்கே இல்லை. யார் போனாலும் ஒரே வடிவம். சிங்களப் பேச்சில் அப்படித்தான் இருக்கிறது: மம யனவா, ஒயா யனவா, எயா யனவா, அபி யனவா. தமிழின் நடை சிங்களத்துக்குள் போனதுபோல், சிங்களத்தின் நடையும் தமிழுக்குள் வந்திருக்கிறது. கொடுத்தவர், எடுத்தவர் என்று பிரித்து ஒரு பக்கம் பெருமை கொள்ள இதில் இடமில்லை.

வேறுபாடுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை சோதினையில் விழுந்துவிடுவாள். நாம் ரெண்டு தேத்தண்ணி என்போம். சிங்களத்தில் தே தெகக், எண் பின்னால். ஷோனாவிலும் பின்னால்தான்: வானா வவிரி, பிள்ளைகள் இருவர். இங்கே ஸ்லோவீன் நம்மோடு: த்வா ஒத்ரோகா, எண் முன்னால். கூட்டணி ஒவ்வொரு தொடரிலும் மாறுவதைக் கவனியுங்கள்.

தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இருக்கு என்பதுதான். சிங்களத்தில் அதற்கு இரண்டு சொல். உயிருள்ளவற்றுக்கு இன்னவா, உயிரில்லாதவற்றுக்குத் தியெனவா. பல்லா இன்னவா, நாய் இருக்கு. பொத்த தியெனவா, புத்தகம் இருக்கு. நம் இலக்கணம் நாயையும் புத்தகத்தையும் அஃறிணை என்று ஒரே பக்கம் தள்ளி, மனிதரையும் தெய்வத்தையும் மறுபக்கம் வைக்கும். சிங்களம் நாயைத் தூக்கி மனிதர் பக்கம் வைக்கிறது. செயப்படுபொருளிலும் அதே கோடு தெரியும்: நாயைக் கண்டேன் என்றால் பல்லாவ என்று ஒரு வகரம் ஒட்டும், புத்தகத்துக்கு ஒட்டாது. ஸ்லோவீனிலும் ஆண்பாற் சொற்களில் இதே கோடு இருக்கிறது. நாய் பெஸ், நாயைக் கண்டால் ப்ஸா என்று மாறும். பாலம் மோஸ்த், பாலத்தைக் கண்டாலும் மோஸ்த்தான். ஷோனா இதில் நம் எல்லோரையும் மிஞ்சிவிடும். அங்கே இரண்டு திணை இல்லை, பத்துக்கும் மேற்பட்ட வகுப்புகள். வகுப்பைச் சொல்லின் தலையிலேயே பார்க்கலாம். முன்ஹு ஆள், வன்ஹு ஆட்கள். சின்ஹு பொருள், சுவின்ஹு பொருட்கள். தலையெழுத்து அடைமொழியிலும் எண்ணிலும் தொடர்ந்து வரும்: பெரிய பிள்ளைகள் இருவர், வானா வகுரு வவிரி; பெரிய பொருட்கள் இரண்டு, சுவின்ஹு சுவிகுரு சுவிவிரி. இரவலாக வந்த சிகோரோவும் ‘சி’ என்ற தலையோடு அந்த வகுப்பில் உட்கார்ந்து, பன்மையில் சுவிகோரோ ஆகிவிட்டது.

ஷோனாவின் வினையைப் பார்த்துப் பிள்ளை வியந்தாள். நான் பேசுகிறேன் என்பது ந்தினோதவுரா. ந்தி என்பது நான், னோ நிகழ்காலம், தவுரா பேசு. நம் பேசுகிறேனை உடைத்தால் பேசு, கிறு, ஏன்: வினை, காலம், நான். அதே மூன்று துண்டு, தலைகீழாக. தமிழ் பின்னால் ஒட்டும், ஷோனா முன்னால் ஒட்டும். இரத்த உறவும் இல்லை, அயலும் இல்லை. மனித மூளைக்கு வசனம் கட்ட இருக்கும் வழிகள் எல்லையற்றவை இல்லையென்பதால் இப்படித் தூரத்தில் ஒன்றையொன்று சந்திக்கும். ஒலியிலும் அப்படி ஒரு சந்திப்பு உண்டு. சிங்களத்தில் அம்ப என்று மாம்பழத்தைச் சொல்லும்போது அந்த மகரம் அரைவாசிதான் ஒலிக்கும். கந்த என்பதில் னகரத்தை முழுதாகச் சொன்னால் மலை, அரையாகச் சொன்னால் மரத்தின் தண்டு. இந்த அரை மூக்கொலி தமிழில் இல்லை, ஸ்லோவீனில் இல்லை. ஷோனாவில் இருக்கிறது, 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அவர்களின் இம்பிரா என்ற வாத்தியத்தின் பெயர், அவர்கள் வாயில் அந்த ஒலியோடுதான் தொடங்குகிறது.

‘நாம்’ என்ற ஒன்றிலேயே நான்கு மொழியும் மூன்று விதம். ஸ்லோவீன் இருவரானால் மித்வா க்ரேவா என்றும், பலரானால் மி க்ரெமோ என்றும் பிரிக்கும். இருமை அங்கே இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. சமஸ்கிருதத்திலும் இருந்தது, சிங்களத்துக்கு வந்து சேரும் முன்பே உதிர்ந்துவிட்டது. தமிழ், கேட்பவரைச் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள் என்று பிரிக்கும். பேச்சில் ஊருக்கு ஊர் கலந்தாலும் எழுத்தில் அந்தக் கோடு இருக்கிறது. சிங்கள அபி, ஷோனா இசு இரண்டுக்கும் இந்தப் பிரிவு எதுவும் இல்லை.

பிள்ளைக்கு இன்னொன்றும் சொன்னேன். கொட்டாஞ்சேனைச் சந்தியில் கேட்கும் சிங்களமும் சோதினைத் தாளில் வரும் சிங்களமும் ஒன்றில்லை. தாளில் மம யமி, அபி யமு என்று விகுதி திரும்பி வரும். தமிழருக்கு அது பாரமில்லை. போறன் என்று பேசிப் போகிறேன் என்று எழுதும் பழக்கம் நமக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது.

இவ்வளவையும் யோசித்தால் ஒரு கேள்வி எழும். நான் பார்த்த சிங்களப் பயிற்சிக் கையேடுகள் பலவும் ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் அடிச்சுவட்டில் போகின்றன: எழுவாய், வினை, செயப்படுபொருள், ‘இஸ்’, ‘ஹேவ்’ என்று. தமிழ்ப் பிள்ளை தமிழை விட்டு ஆங்கிலத்துக்கு ஏறி, அங்கிருந்து சிங்களத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ‘ஐ ஹேவ் டூ சில்ட்ரன்’ என்பதைச் சிங்களமாக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் தடுமாறும். எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு என்பதைக் கொடுத்தால் எண்ணைப் பின்னால் மாற்றுவது மட்டும்தான் வேலை. தமிழ் படிக்கும் சிங்களப் பிள்ளைக்கும் இதே வழிதான் சுருக்கம். அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியது வினையின் விகுதிகளையும் திணையையும்தான், வசன அமைப்பு ஏற்கனவே வாயில் இருக்கிறது.

சிங்களம் படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கும், தமிழ் படிப்பிக்கும் சிங்கள ஆசிரியர்களுக்கும், பாடநூல் எழுதுகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஆங்கிலத்தை நடுவில் வைக்காதீர்கள். இரண்டு மொழியின் வசனங்களையும் மேலும் கீழுமாக எழுதி, சொல்லுக்கு நேரே சொல்லைக் காட்டி, பொருந்தாத இடத்தில் மட்டும் நின்று விளக்குங்கள். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது. அப்படி ஓர் இடத்திலிருந்து இருமொழி ஆசிரியர் இருவர் சேர்ந்து சிறிய கையேடு ஒன்றை எழுதினால், கொட்டாஞ்சேனை அறைகளில் சோதினைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குப் பேருதவியாக இருக்கும்.